ஹெல்மெட் போட்டால் போதாது, வாரையும் மாட்டுங்கள்

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிகளைப் பாருங்கள், பலருக்குத் தலையில் ஹெல்மெட் இருக்கும், வார் மட்டும் காதோரம் தொங்கிக்கொண்டிருக்கும். விழும்போது தலை தரையில் மோதுவதற்கு முன்பே அது கழன்று உருண்டுவிடலாம், அப்புறம் போட்டும் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே வாரை மாட்டச் சொல்கிறது. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்குங்கள். சரி, மாட்டியாச்சா? பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை, தயங்காமல் மாற்றுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் இப்படியே பார்த்து மாட்டிவிடுங்கள். விபத்தில் ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், திரும்பப் போடவே வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் நசுங்கியிருந்தால் அடுத்த அடியைத் தாங்காது.