ஜப்பானில் துணை நிறுவனம் தொடங்கும்போது

சிறிதாகத் தொடங்க ‘கோடோ கைஷா’ (எல்.எல்.சி. போன்ற எளிய நிறுவனம்) வடிவமே போதும். பதிவு வரி குறைந்தது 60,000 யென். ‘கபுஷிகி கைஷா’ (பங்கு நிறுவனம்) என்றால் 1,50,000 யென், கூடவே நோட்டரி சான்று. பழைமையான பெரிய நிறுவனங்களுக்கு விற்பதானால் இரண்டாவதற்கே செலவழியுங்கள், அதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

பலரும் மாட்டிக்கொள்வது வங்கிக் கணக்கில்தான். அலுவலகம் பெயரளவு முகவரியாக இருந்து, தொழில் நோக்கத்தில் கண்டதையும் அடுக்கியிருந்தால் வங்கி சந்தேகப்படும். வாடகை ஒப்பந்தம், வாடிக்கையாளர் ஒப்பந்தம், ஜப்பானிய மொழி இணையதளம் மூன்றும் தயாரானபின் போங்கள்.

2023 அக்டோபர் முதல், இன்வாய்ஸில் ‘T’ எழுத்தும் 13 இலக்கமும் கொண்ட பதிவு எண் இல்லாவிட்டால் வாங்குபவர் உங்களிடம் கொடுத்த நுகர்வு வரியை (நம் ஜி.எஸ்.டி. போன்றது) தான் கட்டவேண்டிய வரியிலிருந்து முழுதாகக் கழிக்க முடியாது. அதனால் விலையைக் குறைக்கச் சொல்வார்.

விலையேற்றத்தைக் கூட்டத்தில் திடீரென அறிவிக்காதீர்கள். மூலப்பொருள், கூலி, யென் மதிப்பு எனப் பிரித்த கணக்கை, கொள்முதல் பிரிவினரிடம் முன்பே தனித்தனியாகக் காட்டிவிடுங்கள்.