டி ஆன்சா கல்லூரியில் சேருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் குப்பர்ட்டினோ நகரில் 1967இல் திறக்கப்பட்ட டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் அரசுக் கல்லூரி) சேர நுழைவுத் தேர்வு கிடையாது. உயர்நிலைப் பள்ளியை முடித்த எவரும் விண்ணப்பித்துச் சேர்ந்துவிடலாம். மாநிலத்தில் நிலையாக வசிப்பவருக்கு ஒரு குவார்ட்டர் யூனிட்டின் (மூன்று மாதப் பருவத்தில் பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) கட்டணம் 31 டாலர்தான். நுழைவது எளிது என்பதாலேயே உள்ளே எல்லாம் எளிது என்று எண்ணிவிடுகிறார்கள். சன்னிவேல், சான்ட்டா கிளாரா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. உண்மையில் இங்கே மாணவர்கள் சறுக்குவது பாடத்தில் அல்ல, பெரும்பாலும் நாட்காட்டியில்தான்.

அண்டையிலுள்ள கம்யூனிட்டி காலேஜ்கள் பல செமஸ்டர் முறையில் இயங்க, டி ஆன்சாவும் அதன் சகோதரக் கல்லூரியான ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறையைப் பின்பற்றுகின்றன. இறுதித் தேர்வு வாரத்தையும் சேர்த்து ஒரு குவார்ட்டர் ஏறத்தாழ 12 வாரங்களில் முடிந்துவிடுவதால், “முதல் மாதம் பார்த்துக்கொள்வோம், பிறகு சமாளிப்போம்” என்று இருப்பவர் விழித்துக்கொள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு கடந்திருக்கும். வழக்கமான வகுப்பிலிருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. அதன் பின் விலகினால், விலகியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற எழுத்து நிரந்தரமாகப் பதிவாகும். முதல் நாள் வகுப்பைத் தவறவிடுவதும் ஆபத்தானது: காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும் வகுப்பில், வராதவரை நீக்கி அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு.

அடுத்த தவறு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே செய்வது. டி ஆன்சாவில் கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நான்கு குவார்ட்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சாரட்டோகாவிலுள்ள வெஸ்ட் வேலி போன்ற செமஸ்டர் கல்லூரியில் அதே பாடம் மூன்று பகுதிகளாக நடக்கிறது. கோடையில் இடம் கிடைக்கவில்லை என்று பாதியில் கல்லூரி மாறினால், ஒரு கல்லூரியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் மற்றதன் மூன்றாம் பகுதி தொடங்குவதில்லை; நடுவே சில தலைப்புகள் விடுபடும், சில இரண்டு முறை வரும், பல்கலைக்கழகமோ தொடர் முழுமை பெறவில்லை என்று சொல்லக்கூடும். தொடங்கிய தொடரைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிப்பதுதான் நல்லது. எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை மாநிலத்தின் அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம். நண்பர் சொன்னார் என்று பாடம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு, பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபர் திட்டத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடுவது. யூசி எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பான யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் வளாகங்களில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்ட்டா பார்பரா, சான்ட்டா குரூஸ் ஆகிய ஆறு மட்டுமே ‘டேக்’ எனப்படும் உறுதியளிக்கப்பட்ட சேர்க்கையைத் தருகின்றன; பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ ஆகியவை தருவதில்லை. ஆறில் ஒன்றுக்கு மட்டுமே அந்த விண்ணப்பத்தை அனுப்ப முடியும். அதற்கான காலம் செப்டம்பர் மாதம். டி ஆன்சாவில் இலையுதிர்காலக் குவார்ட்டர் தொடங்குவதே செப்டம்பர் கடைசியில்தான். ஆகவே வகுப்பு திறந்த பிறகு கவுன்சிலரைத் தேடிப் போகும் இரண்டாம் ஆண்டு மாணவருக்குச் சில நாட்களே மிஞ்சும். டேக் இருந்தாலும் வழக்கமான யூசி விண்ணப்பத்தைத் தனியாக நிரப்ப வேண்டும் என்பதையும், 60 செமஸ்டர் யூனிட் என்று எழுதியிருந்தால் இங்கே அது 90 குவார்ட்டர் யூனிட் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே இங்கே பாடம் எடுக்க வைக்கும் பெற்றோருக்கு ஒரு சொல்: அதில் பெறும் கிரேடு பயிற்சிக் கிரேடு அல்ல, வாழ்நாள் கல்லூரிப் பதிவு. பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பியாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோடையில் பொழுது போகட்டும் என்று சேர்த்துவிடுவது நல்ல காரணம் அல்ல.

வளாக வாழ்க்கை என்றதும் “அங்கே விடுதியே இல்லையே, என்ன வாழ்க்கை?” என்று கேட்பார்கள். வளாகத்துக்குள் விடுதி இல்லை என்பது சரி. ஆனால் வகுப்பு முடிந்ததும் நேராக கார் நிறுத்துமிடத்துக்கு நடப்பவருக்கு, கட்டணமின்றி நடக்கும் டியூட்டரிங், மாணவர் சங்கங்கள், கோளரங்கம், யூஃப்ராட் கலைக்கூடம் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை வளாகத்தின் வாகன நிறுத்துமிடங்களில் கூடிய பழம்பொருள் சந்தையை நீண்ட காலம் நடத்தி வந்ததே மாணவர் அமைப்புதான். எல்லா வகுப்புகளையும் இரண்டு நாட்களில் அடைத்துக்கொள்வது பெட்ரோலை மிச்சப்படுத்தும். ஆனால் பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் மற்ற நாட்களில் அமைந்துவிட்டால், ஆண்டு முடியும்போது உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர்கூட இருக்கமாட்டார். யூசிக்கு விண்ணப்பிக்க அப்படியொரு பேராசிரியரின் அறிமுகம் பெரிதாகத் தேவைப்படாது. பரிந்துரைக் கடிதம் கேட்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் கட்டாயம் தேவைப்படும்.