சூரியன் மறைந்ததும் ட்ரைபாடை மடக்காதீர்கள்

மலை உண்டா, பனி உண்டா, சிங்கப்பூரில் போய் என்னத்தைப் படம் எடுப்பது என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. உண்மைதான், இங்கே பெரிய மலையே புக்கித் தீமா, 163 மீட்டர். ஆனால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, அது நிற்கும் நேரம்தான் குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கிவிடும். மாலை 7 மணியை ஒட்டி மறைந்தால் அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கதை முடிந்தது.

அதனால் 6.15-க்கே போய்விடுங்கள், ஒரே இடத்தில் நில்லுங்கள். எனக்குப் பிடித்த இடம் மரினா பராஜ் அணைக்கட்டின் புல்கூரை. அங்கிருந்து நகரம் மேற்குப் பக்கம் என்பதால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் விழும். ஜூனில் சற்று வடக்கே தள்ளி, டிசம்பரில் தெற்கே தள்ளி. மெர்லயன் சிலைப் பக்கம் நின்றால் நேர் எதிர், மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலுக்குப் பின்னால் விடியும், அது காலைக்கான இடம். பராஜில் பட்டம் விடுபவர்கள் குறுக்கே வருகிறார்கள் என்று எரிச்சல்படாதீர்கள், அந்தப் பையனும் நூலும் முன்னால் இல்லாவிட்டால் படம் வெறும் போஸ்ட்கார்டுதான்.

சூரியன் போனதும் கூட்டம் கிளம்பிவிடும். நீங்கள் இருங்கள். வானத்தின் நீலமும் கட்டட விளக்கும் ஒரே அளவுக்கு வரும் பத்து நிமிடம் அதற்கப்புறம்தான் வரும். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 5 முதல் 10 விநாடி என்று ஆரம்பித்து, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். டைமரை 2 விநாடிக்கு வைத்தால் விரல் பட்டு ஆடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும்.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. ராத்திரி முழுக்க ஏர்கான் அறையில் இருந்த கேமராவை விடிகாலையில் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு எடுத்துப்போய் வெளியே எடுத்தேன், லென்ஸ் முழுக்க ஆவி. சட்டையால் துடைத்தேன், மறுபடி படிந்தது, துடைத்தேன், மறுபடி. தண்ணீர்மேல் நின்ற மூடுபனி கலைந்துபோனதை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். இப்போதெல்லாம் லென்ஸ் வெளிச்சூட்டுக்குப் பழகட்டும் என்று முதல் நாள் இரவே பையை மூடியபடி சமையலறை ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன்.

நல்ல கேமரா இல்லையா? பரவாயில்லை. மழை விட்டதும் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போய், சிராங்கூன் சாலையில் தேங்கிய தண்ணீரைத் தேடுங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரை ஒட்டி வரும், கையளவு குட்டையிலேயே வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் முழுசாக விழும். உச்சி வெயிலில் என்றால் ஐந்தடிப் பாதையின், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரைபோட்ட நடைபாதையின், நிழலில் நின்றுகொண்டு, வெயிலில் நடப்பவர்களைப் பாருங்கள்.

பூக்கட்டும் அக்காவை எடுக்க ஆசை வந்தால், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.