வீகன்களுக்கு உகந்த பெருநகரம்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெருநகரம் வீகன்களுக்கு, அதாவது இறைச்சியோடு பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களுக்கு, உகந்ததா என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேடுவது, அங்கே எத்தனை வீகன் உணவகங்கள் உள்ளன என்ற எண்ணிக்கையைத்தான். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. நாற்பது வீகன் உணவகங்கள் உள்ள ஒரு நகரில் முப்பது உணவகங்கள் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் நான்கைந்து தெருக்களுக்குள் அடங்கிவிட்டால், நகரின் ஒரு விளிம்பில் குடியிருந்து மறுவிளிம்பில் வேலை பார்ப்பவருக்கு அவற்றால் விளையும் பயன் மிகக் குறைவு. தனி வீகன் உணவகங்கள் ஐந்தே இருந்தாலும், அலுவலகச் சிற்றுண்டிச்சாலையிலும் ரயில் நிலையக் கடையிலும் பின்னிரவு வரை திறந்திருக்கும் சாதாரண உணவகத்திலும் விலங்குப் பொருள் கலவாத முழு உணவு ஒன்று வழக்கமாகவே கிடைக்கும் நகரில் வாழ்வது எளிது. எனவே கணக்கிட வேண்டியது, வேலை நாளொன்றில் காலை முதல் இரவு வரை ஒருவர் எத்தனை முறை உண்ண ஏதுமின்றித் திரும்ப நேர்கிறது என்பதையே.

எண்ணிக்கையை நம்புவோர் அந்த எண்ணிக்கையையும் பல நேரங்களில் பிழையாகவே எடுக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹேப்பிகௌ போன்ற இணைய வழிகாட்டிகள் இடங்களை முழு வீகன், சைவம், வீகன் உணவும் கிடைக்கும் இடம் என்று வகை பிரித்தே காட்டுகின்றன. அவசரத்தில் தேடுபவர் இவை அனைத்தையும் கூட்டி ஒரே தொகையாகக் கொள்கிறார். மூன்றாம் வகையில் வரும் உணவகம் பத்து வகை உணவுகளை வீகனாகச் சமைத்துத் தரக்கூடும். ஒரு தட்டுப் பச்சைக் காய்கறிக் கலவையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடும். மூடப்பட்டுவிட்ட கடைகளும் சில காலம் பட்டியலில் தங்கிவிடுவதுண்டு என்பதால், கடைசியாக வந்த கருத்துரை எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்வது, நட்சத்திரங்களை எண்ணுவதைக் காட்டிலும் பயனுள்ளது.

அடுத்தது சொல்லால் விளையும் குழப்பம். வீகன் என்ற சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. பாலையும் முட்டையையும் விலக்கிய சைவ உணவினர் சிலர் டொனால்ட் வாட்சனோடு சேர்ந்து தனிச் சங்கம் அமைத்தபோது, வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து அதை உருவாக்கினர். சைவம் என்ற சொல் பாலை விலக்குவதில்லை என்பதால்தான் அவர்களுக்குப் புதிய சொல் ஒன்று வேண்டியிருந்தது. தமிழிலும் இதே காரணத்தால்தான் நனிசைவம் என்ற சொல்லை உருவாக்க நேர்ந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, சைவ உணவு தாராளமாகக் கிடைக்கும் நகரமெல்லாம் வீகன்களுக்கும் வசதியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது தவறு. சைவ மரபு வலுவாக உள்ள இடங்களில் பாலும் வெண்ணெயும் சமையலின் அடித்தளமாகவே இருக்கக்கூடும். அங்கே அவற்றை விலக்கிக் கேட்பது, இறைச்சி மிகுந்த நகரில் கேட்பதைவிடவும் கடினமாகிவிடுவதுண்டு. இறைச்சியை மட்டுமே விலக்கத்தக்க பொருளாகக் கருதிப் பழகிய சமையற்காரருக்கு, வெண்ணெயை ஒருவர் ஏன் மறுக்கிறார் என்பது விளங்காத செய்தி.

உணவகத்தில் கேட்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். “இது வீகனா?” என்று மட்டும் கேட்டால், பரிமாறுபவர் அந்தச் சொல்லுக்குத் தாம் கொண்டிருக்கும் பொருளின்படியே பதில் சொல்வார். பெருநகர உணவகம் ஒன்றில் நானும் ஒருமுறை பால் உண்டா, முட்டை உண்டா என்று இரண்டையும் கேட்டு, இல்லை என்ற உண்மையான பதிலையும் பெற்று, காய்கறி சூப்பைப் பாதி குடித்த பிறகுதான் அதன் அடிநீர் கோழி எலும்பில் எடுத்தது என்று அறிந்தேன். பணியாளர் பொய் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவில்லை, அவ்வளவே. சூப்பின் அடிநீர், சோறு வேகவைத்த நீர், சாந்துகளில் சேர்க்கும் மீன் சாறு, ரொட்டியின் மேல் மினுமினுப்புக்காகப் பூசும் முட்டை, இனிப்புக்காகச் சேர்த்த தேன், இறக்கும் நேரத்தில் மேலே இடும் வெண்ணெய் ஆகிய ஆறும் உணவுப் பட்டியலில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆகவே பொருளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்பதே முறை. அப்படிக் கேட்கும்போது பணியாளர் முகம் சுளிக்காமல் அடுக்களைக்குச் சென்று விசாரித்து வருவது வழக்கமாக உள்ள நகரத்தை நான் நல்ல நகரம் என்பேன். எத்தனை பலகைகளில் பச்சை இலை வரைந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டன்று. பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் பொதுவானதா என்ற கேள்வி மட்டும் ஒவ்வொருவரின் மனச்சான்றையும் பொறுத்தது. வீகன்களிடையேயே அதில் ஒத்த கருத்து இல்லை.

கடைப் பொருள்களின் பொதிமேல் அச்சிட்டிருக்கும் சேர்மானச் சிட்டையைப் படிப்பதில் நேரும் தவறுகளைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் பெருநகரத்தில் வாழ்பவர் உணவகத்தில் உண்பதைவிடப் பொதியில் அடைத்த பொருள்களை வாங்கி உண்பதே மிகுதியாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தகவல் விதிகளின்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சிட்டையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். 2014ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. பாலும் முட்டையும் மீனும் அந்தப் பதினான்கில் அடங்கும் என்பதால், தடித்த எழுத்துகளை மட்டும் நோட்டமிட்டு, அவற்றில் இவை இல்லையென்றால் பொருள் வீகன்தான் என்று பலர் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள். இறைச்சியும், விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினும், பன்றிக் கொழுப்பும், தேனும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவை தடித்த எழுத்தில் வருவதில்லை. முழுப் பட்டியலையும் படிக்காமல் வேறு வழி கிடையாது.

இதன் மறுபக்கமாக வேறொரு தவறும் உண்டு. “பால் கலந்திருக்கக்கூடும்” என்ற எச்சரிக்கையைக் கண்டதும் பொருளைத் திருப்பி வைத்துவிடுபவர்கள், அந்த வரி எதற்காக எழுதப்படுகிறது என்பதை அறியாதவர்கள். அதே ஆலையில் பால் சேர்த்த பொருளும் தயாராவதால் தூசளவு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. பால் சேர்த்துச் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. இதற்கு நேர்மாறாக, பால் அல்லாதது என்று பெயரிட்டு விற்கப்படும் காபி வெண்மையாக்கி சிலவற்றில் பாலிலிருந்து பிரித்த கேசினேட் இருக்கும். அமெரிக்க விதிகள் அதை அனுமதித்துவிட்டு, கேசினேட்டுக்குப் பக்கத்தில் அது பாலிலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என்கின்றன. எண்களால் குறிக்கப்படும் சேர்க்கைப் பொருள்களில் இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி, இ901 தேன்மெழுகு, இ904 பூச்சி சுரக்கும் அரக்கு. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் இ471 போன்றவை தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம் என்பதால், வீகன் முத்திரை இல்லாத பொருளில் அவற்றைக் கண்டால் தயாரித்தவரைக் கேட்டுத்தான் தெளிய முடியும். பெயரும் சில சமயம் வழிமாற்றும்: ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் அளித்த தீர்ப்பின்படி, சில விலக்குகள் தவிர, தாவரப் பொருள்களைப் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்ற பெயர்களில் அங்கே விற்க முடியாது. சோயா பாலைத் தேடிச் செல்பவர் அங்கே சோயா பானம் என்ற பெயரைத் தேட வேண்டும்.

பெருநகரத்தின் உண்மையான வளத்தைக் காணாமல் போவதே இவை அனைத்திலும் பெரிய தவறு என்பது என் எண்ணம். இறைச்சியைப் போலவே தோன்றும் மாற்றுப் பண்டங்களும் தாவரப் பாலாடைக்கட்டியும் எத்தனை வகை கிடைக்கின்றன என்பதை வைத்தே பலர் நகரத்தை அளக்கிறார்கள். ஆனால் பெருநகரத்துக்குச் சிறிய ஊரைவிட மேம்பாடு தருவது புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மக்களின் அடுக்களைதான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஆண்டின் பல மாதங்களுக்கும், அவற்றுக்கு வெளியே பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகளிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி நோன்பு இருக்கிறார்கள். எனவே எத்தியோப்பிய உணவகத்தில் நோன்பு உணவு என்று கேட்டாலே போதும், வீகன் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கிழக்காசியப் பௌத்த மரபிலும் துறவியர் மடங்களை ஒட்டி வளர்ந்த தாவரச் சமையல் நூற்றாண்டுகளாகத் தேர்ச்சி பெற்றுள்ளது. அங்கே பூண்டும் வெங்காயமும் கூட விலக்கப்படுவது உண்டு என்றாலும், எல்லா இடங்களிலும் பாலும் முட்டையும் விலக்கப்படுவதில்லை என்பதால் அவற்றைத் தனியே கேட்டுவிடுவது நல்லது. இத்தகைய கடைகள் தம்மை வீகன் என்று விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. வழிகாட்டிகளின் பட்டியலில் அவை விடுபட்டுப் போவதற்கும், பட்டியலை மட்டும் நம்புபவர் அவற்றின் வாசலைக் கடந்து சென்று பசியோடு திரும்புவதற்கும் இதுவே காரணம்.

செலவைப் பற்றிய தவறான கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது. மாற்றுப் பண்டங்களின் விலையைப் பார்த்து, இந்த நகரில் வீகனாக வாழக் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்பவர்கள், பருப்பு, தானியம், காய், கனி ஆகியவற்றின் விலையைப் பார்ப்பதே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 நாடுகளின் உணவு விலைகளை ஒப்பிட்டு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வருவாய் மிகுந்த நாடுகளில் வீகன் உணவால் உணவுச் செலவு மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும் என்று கண்டது. ஆனால் அந்தக் கணக்கில் வீட்டில் சமைக்கும் முழுப் பொருள்கள்தான் இருந்தன; மாற்றுப் பண்டங்களும் உணவகச் செலவும் சேர்க்கப்படவில்லை. குறைந்த வருவாய் நாடுகளுக்கு அதே முடிவு பொருந்தவில்லை என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆகவே நகரத்தை மதிப்பிடும்போது காய்கறிச் சந்தை எவ்வளவு தொலைவில் உள்ளது, வாடகைக்கு எடுக்கும் அறையில் அடுப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடக்கூடாது.

விருப்பத்தோடு சென்று உண்ணும் இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி உண்ண நேரும் இடங்களை மறப்பது இன்னொரு தவறு. நோயுற்றுப் படுத்திருப்பவரும் பள்ளியில் மதிய உணவு உண்ணும் குழந்தையும் உணவகத்தைத் தேடிச் செல்ல முடியாது. போர்ச்சுகல் 2017ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, சிறை போன்ற பொது நிறுவனங்களின் உணவுக்கூடங்களில் தாவர உணவு ஒன்றாவது இருக்க வேண்டும். நியூயார்க் நகரின் 11 பொது மருத்துவமனைகளில் 2022ஆம் ஆண்டிலிருந்து தாவர உணவே முதலில் முன்வைக்கப்படுகிறது. வேறு உணவு வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். இத்தகைய ஏற்பாடு உள்ள நகரில் வீகன் ஒருவர் விதிவிலக்குக் கோரி நிற்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு குடிபெயர எண்ணுவோர் உணவகப் பட்டியலைப் புரட்டும் முன்பு பள்ளியின் வாராந்தர உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எத்தனை உணவகங்கள் இருந்தாலும் பி12 உயிர்ச்சத்தை நகரம் தந்துவிடாது. அமெரிக்கப் பரிந்துரையின்படி வளர்ந்தவருக்கு அது நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் அது இல்லாததால், செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ எடுத்துக்கொண்டாக வேண்டும். மாத்திரை வாங்கும்போதும் சிட்டையைப் படிக்க வேண்டியிருக்கிறது: டி3 உயிர்ச்சத்து பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாராகிறது, பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் தனியே கிடைக்கிறது, கேப்சூல் மருந்துகளின் மென்மையான உறைகள் பல ஜெலட்டினால் ஆனவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தின் உறை அப்படிப்பட்டது என்று தெரிந்ததும் அதைத் தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்தானது. அதே மருந்து திரவமாகவோ வேறு உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க வேண்டும். மருந்துக்கடைகள் நிறைந்த பெருநகரத்தில் பல நேரங்களில் அப்படியொரு மாற்று அகப்பட்டுவிடும்.