கையில் ஜி.பி.எஸ்., கடலில் பார்

புதிதாக ஜி.பி.எஸ். வாங்கியவர்கள் முதலில் கரையிலேயே செட்டிங்கைப் பாருங்கள். இடக்குறிப்பு டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று வர வேண்டும். எங்கள் குமரிக் கரையில் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும் இடத்தின் குறிப்பு தருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தருவார்கள். 8 டிகிரி 04.500 நிமிடம் என்று சொன்னதை 8.045 டிகிரி என்று அடித்தால், பாருக்கு 1.8 கடல் மைல் தள்ளி வெறும் தண்ணீரில் தூண்டில் போட வேண்டியதுதான். வடக்கு தெற்காக ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். மூன்றாவது தசமம் ஒன்று கூடிக் குறைந்தால் 2 மீட்டர்கூட வராது, விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் மலையையும் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை வைத்து இடம் கண்டு, படகை நிறுத்துகிற இடத்தில் மார்க் செய்யுங்கள், மெஷினில் அந்த இடம் பதிந்துவிடும். கடையில் அந்தக் குறி கிடைக்காது.

அப்புறம் வீட்டு வழி. துறைமுக வாயிலேயே மார்க் வைக்காதீர்கள். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) முனையிலிருந்து அரை கடல் மைல் வெளியே வையுங்கள். கோ-டூ, அதாவது குறிக்கு வழி காட்டும் கட்டளை, கொடுத்தால் மெஷின் நேர்கோடு போடும், நடுவில் கல் கிடந்தாலும் சரி. ராத்திரி அந்தக் குறிக்கு வந்து, பிறகு விளக்கைப் பார்த்து உள்ளே நுழையுங்கள்.

படகு நின்றால் சாதாரண மாடல்களில் திசை காட்டும் அம்பு கண்டபடி சுற்றும். பழுதில்லை, கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்.

மாற்று பேட்டரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். எல்லாக் குறியையும் ஒரு நோட்டில் எழுதி, நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.