பிரிட்டனில் 75 வயதைக் கடந்தவர்கள் இலவசத் தொலைக்காட்சி உரிமம் பெறும் வழி

பிரிட்டனில் தொலைக்காட்சியை நேரலையில் பார்க்கக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். அங்கே 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் 2000 நவம்பர் முதல் கிடைத்துவந்த இலவசத் தொலைக்காட்சி உரிமம் 2020 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதுவரை செலவை ஏற்றுவந்த அரசு, 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே அந்தப் பொறுப்பை பிபிசியிடம் தள்ளிவிட, குறைந்த வருமானமுள்ள ஓய்வூதிய வயதினருக்கான அரசு உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட் பெறுவோருக்கு மட்டுமே சலுகை என்று பிபிசி முடிவுசெய்தது. தனிமையில் வாழும் முதியவருக்குத் தொலைக்காட்சியே பேச்சுத்துணை என்பதால், தகுதியுள்ள ஒருவர்கூட இதை இழக்கக் கூடாது.

முதலில் விண்ணப்பிக்க வேண்டியது உரிமத்துக்கு அல்ல, பென்ஷன் கிரெடிட்டுக்கு. 2025-26இல் தனிநபரின் வார வருமானம் 227.10 பவுண்டுக்கும் தம்பதியரின் வருமானம் 346.60 பவுண்டுக்கும் குறைவாக இருந்தால், அந்த அளவுவரை அரசு ஈடுசெய்தது. இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். குடியிருக்கும் சொந்த வீடோ 10,000 பவுண்டு வரையிலான சேமிப்போ கணக்கில் சேராது. வருமானம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், உடல்நலக் குறைவுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெறுபவருக்கு வரம்பே உயரக்கூடும் என்பதால், நமக்குக் கிடைக்காது என்று தாமாகவே முடிவுகட்டிவிட வேண்டாம். வாரத்துக்குச் சில பென்ஸ் மட்டுமே கிடைத்தாலும் உரிமம் முழுவதும் இலவசமாகிவிடும். தேசியக் காப்பீட்டு எண், வருமானம், சேமிப்பு, வங்கிக் கணக்கு ஆகிய விவரங்களுடன் 0800 99 1234 என்ற எண்ணை அழைக்கலாம்; தகுதி இருந்தால் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

பென்ஷன் கிரெடிட் கிடைத்ததும் உரிமம் தானாக வீடு தேடி வராது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பென்ஷன் கிரெடிட் கணவர் அல்லது மனைவி பெயரில் இருந்தாலும் போதும், ஆனால் உரிமம் 75 வயதானவரின் பெயரில் இருக்க வேண்டும். பிள்ளைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களில் உரிமம் பெரும்பாலும் மகன் அல்லது மகள் பெயரில் இருப்பதால், இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். பெரியவர் பெயரில் பெறும் இலவச உரிமம் அந்த வீட்டில் வசிக்கும் எல்லோருக்கும் செல்லுபடியாகும்.

தகுதி இல்லாதவர்கள் வாரம், இருவாரம் அல்லது மாதத் தவணையில் செலுத்தலாம். பார்வை மிகக் குறைந்தவர் என்று பதிவுபெற்றவருக்குப் பாதிக் கட்டணம். தமிழ் அலைவரிசைகளை மட்டுமே பார்த்தாலும், நேரலையில் பார்த்தால் உரிமம் தேவை.