பெயர்ச்சீட்டு இல்லாத பழைய ஸ்லிப்பர் ஆர்க்கிட்: தாய் தகப்பனைக் கண்டுபிடிப்பது

பெங்களூரில் கைமாறி வரும் பழைய ஸ்லிப்பர் ஆர்க்கிட் (செருப்பு முனைபோல் பை வடிவ உதடுள்ள பூ) தொட்டிகளில் பெயர்ச்சீட்டு இருப்பதே அபூர்வம். லால்பாக் பூங்காவின் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி சமயத்தில் வாங்கியதென்றால் பெரும்பாலும் பூவும் இருக்காது; அது எந்த இரு இனங்களின் கலப்பு என்று தேடுவதில் இலையை வைத்துப் பாதி தூரம்தான் போகலாம்.

இலையில் தேமல் போலத் திட்டுகள் இருந்தால் காலோசம், லாரன்சியானம், பார்பேட்டம், வெனஸ்டம் போன்ற ஸ்லிப்பர் இனங்களில் ஒன்றின் கலப்பு. வெறும் பச்சை என்றால் இன்சிக்னே, வில்லோசம், ஸ்பைசெரியானம் மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். இலையடியில் உள்ள ஊதாப் புள்ளியை நம்பாதீர்கள்; இன்சிக்னேவுக்கும் வில்லோசத்துக்கும் அது பொது.

மீதி விஷயம் மார்கழி வாக்கில், பூத்தபின். விரிந்த அன்றே முடிவு செய்யக்கூடாது, மேலிதழ் (பூவின் உச்சியில் நிற்கும் அகன்ற இதழ்) முழுதாக நிமிர ஒரு வாரமாவது விடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஸ்கேல் வைத்து, முன்பக்கம், பக்கவாட்டு, பூவின் நடுவில் கேடயம்போல் இருக்கும் சிறு தட்டு என மூன்று படம் எடுங்கள். அளவை மட்டும் நம்பவேண்டாம். தொட்டி மாற்றிய வருடம் பூ சிறுத்துவிடும்.

ஸ்பைசெரியானம் தன் முத்திரையை எளிதில் விடாது: வெள்ளை மேலிதழ், நடுவே ஒற்றை ஊதாக்கோடு, அடியில் பின்னோக்கி மடிந்த ஓரம். அதோடு மேலிதழில் புள்ளிகளும் இருந்தால் மறுபாதி இன்சிக்னே. அந்தக் கலப்புதான் லீயானம். புள்ளியில்லாமல், பக்க இதழ்கள் வார்னிஷ் பூசியதுபோல் மின்னி, மேல்பாதி கருத்திருந்தால் லதாமியானம், அதாவது வில்லோசம் கலந்தது. பூத்தண்டில் நீண்ட ரோமம் இருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அதுவும் வில்லோசத்தின் அடையாளம்தான். இன்சிக்னேவின் தண்டில் ரோமம் குட்டை. பலரும் தவறுவது பக்க இதழின் நடுக்கோட்டில்தான். அது ஸ்பைசெரியானத்திலும் உண்டு என்பதால், அதை வைத்து வில்லோசம் என்று சொல்லிவிட முடியாது.

தேமல் இலையும் வார்னிஷ் மினுக்கும் சேர்ந்து வந்தால் ஹாரிசியானத்தை நினையுங்கள்: வில்லோசம், பார்பேட்டம் கலப்பு, 1869-ல் வந்த முதல் ஸ்லிப்பர் கலப்பினம். இதழெல்லாம் அகன்று பூ தட்டுபோல் உருண்டிருந்தால் பல தலைமுறைக் கலப்பு. அதில் பெற்றோரைத் தேடுவது வீண் வேலை.

கடைசியில் பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி வைத்திருக்கும் ஆர்க்கிட் கலப்பினப் பதிவேட்டில் இரு பெற்றோர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். எது தாய், எது தந்தை என்று மாறினாலும் கலப்பினப் பெயர் ஒன்றுதான். சீட்டில் பென்சிலால் ‘லீயானம்?’ என்று கேள்விக்குறியோடு எழுதி, தேதியும் போடுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும்.